இரண்டாம் வருஷம்தான் பூக்குமாம்

குஹ்மோ,
ஏப்ரல் 28

ஆறு மாதமாக என் மனைவியின் சமையலை உட்கார்ந்த இடத்திலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஒஸ்மோ அவர்களுக்கு, தங்கள் தங்கையின் புருஷன் ரெய்னோ எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். தாங்களும் தங்கள் முழங்காலும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அதிலும் முழங்காலுக்குத்தான் அதிகமாக வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் தங்கை சைமியின் கண்ணில் படக் கூடாது. கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தால் உத்தமம். போனில் பேசித் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுப் போனை எப்போதும் அவள்தான் எடுக்கிறாள், உங்கள் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, நான் என்னதான் செய்வது? சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சைமியை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் மச்சான். இந்தக் கடிதத்தில் விஷயம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் என் புலம்பல்.

அவள் ஏன் அங்கேயே தங்கிவிட்டாள் என்று உங்களிடம் என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. "அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன், ரெண்டு வாரம் இருந்து பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்டோபரில் உங்கள் ஓவ்லுவுக்குப் பஸ் ஏறினாள். ரெண்டு வாரத்துக்குப் போகிறவள் எதற்குக் குளிர்காலக் கோட்டோடு வசந்தகாலக் கோட்டையும் மடித்து வைக்கிறாள் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிப்பது நமக்குத் தொழில் இல்லையே. முப்பத்தாறு வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் நான். எதிரே என்ன கிடக்கிறதோ அதைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அந்தப் புத்திதான் என் குடியைக் கெடுத்தது.

போன வருஷம் ஜனவரியில் சைமிக்கு அறுபத்தைந்து வயது நிறைந்ததே, நீங்களும் வந்து கேக்கில் பாதியைத் தீர்த்துவிட்டுப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டும், பெண்டாட்டி பிறந்தநாளில் முற்றம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் விடியற்காலையிலேயே எழுந்து டிராக்டரை எடுத்தேன். சாதாரண மனிதன் என்றால் வண்டி போகிற அளவுக்குத் தள்ளிவிட்டு நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. மூலை முடுக்கெல்லாம், வேலி ஓரமெல்லாம், தரை தெரியும்வரை சுரண்டினேன். வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "ரெய்னோ, விமானமே எறக்கலாம் போலிருக்கேப்பா" என்று நீங்களே என் முதுகில் தட்டினீர்கள். அதனால் இந்தப் பாவத்தில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. நான் சுரண்டிய அந்த வேலி ஓரத்தில்தான் சைமியின் பூப்பாத்தி இருந்தது. ஆள் உயரத்துக்கு நீல நீலமாய்க் கொத்துவிட்டு நிற்குமே, அந்த டெல்ஃபினியம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அவள் விதை போட்டு எழுப்பியது, முப்பத்தொரு குளிர்காலம் தாங்கியது. பனிதான் அதற்குப் போர்வை என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் சர்வீஸில் பனி என்றால் எதிரி. போர்வையை உருவிப் போட்டுவிட்டேன், அடுத்த வாரமே மைனஸ் முப்பத்திரண்டு, வேரோடு விறைத்துச் செத்துவிட்டது.

ஜூன் மாதம் பாத்தியில் ஒன்றும் எழும்பாதபோது சைமி வந்து நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, காப்பி குடித்து, சமாதானமாகப் போயிருப்போம். அவள் பாட்டுக்கு உள்ளே போய் மீனைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கோடை முழுக்க மீன்தான். பிறகு உங்கள் முட்டி வந்து வாய்த்தது, கிளம்பிவிட்டாள். ஜனவரியில் நான் போன் செய்து, "என்ன, உங்கண்ணன் இன்னும் நடக்கலையா?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை.

"இந்தா பாரு ரெய்னோ. பாத்தியைக் கொன்னது நீ. நீயே விதை போட்டு எழுப்பு. அது பூத்ததும் சொல்லு, நான் பஸ் ஏறறேன். கடையில வளந்த செடி வாங்கி நட்டுட்டு என்னை ஏமாத்தலாம்னு மட்டும் நெனைக்காத. எனக்குத் தெரிஞ்சுடும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். எனக்கும் ரோஷம் இருக்கிறது அல்லவா? பூவோடுதான் இனிமேல் போன் செய்வது என்று சபதம் போட்டேன். அதன் பிறகு இன்று வரை அவள் குரலை நான் கேட்கவில்லை மச்சான். பக்கத்து வீட்டு ஹில்க்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளோடு பேசுகிறாள். இங்கே நான் தும்மினால் அங்கே அவளுக்குத் தெரிகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று ஹில்க்கா என்னிடம் மூச்சு விடுவதில்லை. ஊர் மகளிர் சங்கத் தலைவியாம், வாக்குத் தவற மாட்டாளாம்.

பிப்ரவரியில் முதல் விதைப் பாக்கெட்டை வாங்கினேன். ஈர மணலில் கலந்து ஆறு வாரம் குளிரில் வைக்கவும் என்று போட்டிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். குளிரா? குஹ்மோவில் இருப்பவனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? வெண்ணெய் டப்பாவில் மணலைப் போட்டு, விதையைக் கலந்து, மூடி, வாசல்படிப் பக்கம் இருந்த பனிக்குவியலில் புதைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் நல்ல பனி பெய்தது. கை சும்மா இருக்குமா? பனி வீசும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலைச் சுத்தம் செய்தேன், டப்பா இருந்த குவியலையும் சேர்த்து. 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஏதோ கல் என்று நினைத்தேன். சாயங்காலம் ஹில்க்காவின் நாய் பாதி டப்பாவைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஹில்க்கா நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ரெய்னோ, எங்க வாசல்ல மணல் மழை பெய்யுது?"

"வழுக்காம இருக்கட்டுமேன்னு தூவி விட்டேன்" என்றேன்.

"ரொம்ப நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தாளா, அன்றைக்கே போன் போட்டாளா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தேன். இந்தத் தடவை மணல் வேண்டாம், கடையில் பூச்செடிக்கென்று கரிய சதுப்பு மண் விற்கிறார்களே, அதை வாங்கி நன்றாக ஈரமாக்கிப் பிசைந்து விதையைக் கலந்தேன். வைக்கப் பாத்திரம் தேடினேன். சைமி எதையும் தூக்கிப் போட மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். அலமாரியில் போன வருஷத்து ஈஸ்டர் களி வந்த அட்டைப்பெட்டி கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. மண்ணை அதில் போட்டு, கரண்டியால் தட்டிச் சமப்படுத்தி, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன். கரேலென்று, கிரீம் ஊற்றிச் சாப்பிடும் அசல் ஈஸ்டர் களி மாதிரியே எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அழகாக இருந்ததுதான் வினை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் பாதிரியார் ஹன்னுலா வந்தார். பெண்டாட்டி போய்விட்ட வீடுகளுக்கு அவர் ஆறுதல் சொல்லப் போவது வழக்கமாம், என் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அவர் போட்ட கோட்டைக் கழற்றவில்லை, கொண்டுவந்த முகத்தையும் மாற்றவில்லை. எனக்கு அந்த முகத்தின் எதிரில் உட்காரப் பிடிக்காமல், "காப்பிக்கு விறகு எடுத்துட்டு வந்துடறேன் ஃபாதர், ஃபிரிட்ஜுல ஏதாவது இருக்கும், உங்க வீடு மாதிரி எடுத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். வாய் இருக்கிறதே என்று பேசிய பேச்சு. விறகுக் கொட்டகையில் நின்று ஒரு பத்து நிமிஷம் நிம்மதியாக மூச்சுவிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், மனுஷர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் கிண்ணம், கிண்ணத்தில் கரேலென்று மண், மண் மேல் கிரீம், கிரீம் மேல் சர்க்கரை. பாதிக் கிண்ணம் காலி.

நான் விறகை அப்படியே கீழே போட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, மரியாதையாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்லயே செஞ்சதா, ரெய்னோ?"

"ஆ... ஆமா ஃபாதர். ஒரு மாதிரி வீட்லதான்."

"இனிப்புக் கொஞ்சம் கம்மி. பரவாயில்ல, இந்தக் காலத்துல எல்லாத்தையும் இனிப்பாக்கிக் கெடுத்துட்டாங்க. எங்கம்மா செய்யற களியிலயும் இப்படித்தான் பல்லுல ஏதாவது நறநறக்கும்."

நமது ஜனங்களின் மரியாதையை என்னவென்று சொல்வது! ஒருவர் வீட்டில் மண்ணைக் கொடுத்தாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மிச்சப் பாதியையும் வழித்து உள்ளே தள்ளிவிட்டு, திருமண வாழ்வில் பொறுமை என்ற தலைப்பில் கால் மணி நேரம் பேசி, என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அவர் கார் வளைவில் திரும்பிய பிறகுதான் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது: விதை நச்சுத்தன்மை உடையது, உண்ணக் கூடாது.

மச்சான், பெண்டாட்டி போனது போதாதென்று ஈஸ்டர் அன்று ஊர்ப் பாதிரியாரைக் கொன்றவன் என்ற பெயரும் வரப்போகிறதே என்று விஷ முறிவு ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், நிதானமான குரல்.

"என்ன சாப்பிட்டாரு?"

"மண்ணு."

"மண்ணா? கொழந்தைக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தெட்டு. கொழந்தை இல்லம்மா, பாதிரியார்."

"எவ்வளவு சாப்பிட்டாரு?"

"ஒரு கிண்ணம். கிரீம் ஊத்தி."

"அவரே கேட்டு வாங்கியா சாப்பிட்டாரு?"

"பாராட்டிச் சாப்பிட்டாரு. மண்ணுக்குள்ள விதை இருந்தது, அதான் பயம்."

விதையின் பெயரைக் கேட்டாள், எத்தனை இருக்கும் என்று கேட்டாள், அவர் சாப்பிட்ட மூலையில் பத்துப் பதினைந்து இருக்கலாம் என்றேன். உடனே அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள், வாய் மரத்தாலோ வாந்தி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள். உண்மையைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். பாதிரியார் கடைசிவரை கேட்டார். பிறகு, "ரெய்னோ, என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா, போன வாரம்தான் அவ செஞ்ச களியைக் கொறை சொன்னேன்" என்றார். ஆண்டவர் கிருபையால் அவருக்கு வயிற்றைக் கொஞ்சம் புரட்டியதோடு போயிற்று. மறுநாள் பிரசங்கம் வழக்கத்தில் பாதி நேரம்தான். வெளியே வரும்போது நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், விஷயம் எப்படித்தான் பரவியதோ.

அவர் விட்டுவைத்த மண்ணை மூன்று தட்டுகளில் பரப்பி விதைத்தேன். இனி வெதுவெதுப்பான இடம் வேண்டும். சைமி போன பிறகு நான் சமையலறையை மட்டும்தான் சூடாக்குகிறேன், அதுவும் நான் அங்கே இருக்கும்போது மட்டும்தான். மற்ற அறைகளுக்குள் போகவே பிடிக்கவில்லை, அவள் செருப்பு ஒரு ஜோடி அங்கே கிடக்கிறது. ஹில்க்காவிடம் கேட்டேன்.

"எங்கம்மா நாத்தெல்லாம் சௌனாவுலதான் வெச்சு எழுப்புவா" என்றாள். நீராவிக் குளியல் போடும் சௌனாவுக்குள் இல்லை, அதன் முன்கூடத்தில் என்று முழுதாகச் சொல்ல வேண்டியதுதானே? நான் உள்ளேயே கொண்டுபோய், மேலே போகப் போகச் சூடு அதிகம் என்ற கணக்கில் இரண்டு தட்டுகளை மேல்பலகையில் வைத்து, இடம் போதாமல் ஒன்றைத் தரையில் வைத்து, தினமும் நாலு சுள்ளி போட்டு இதமாகச் சூடாக்கி வந்தேன். ஐந்து நாள் குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன் மச்சான், மறைக்க என்ன இருக்கிறது, அதுகளோடு பேசக்கூடச் செய்தேன். ஆறாவது நாள் சனிக்கிழமை, சௌனாக் குளியல் நாள். சனிக்கிழமை நாலு மணி என்றால் நம் ஆட்களுக்குக் கை தானாகவே என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பு நிறைய பிர்ச் விறகை அடுக்கிப் பற்றவைத்தேன், நன்றாகக் காயவிட்டேன், துணியைக் கழற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தேன், கல் மேல் மூன்று அகப்பை தண்ணீர் ஊற்றினேன். ஆவி சுரீரென்று வந்தது. ஆஹா என்று பக்கத்தில் கையை ஊன்றினால் சதசதவென்று மண். கண்ணைத் திறந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, நடுவில் நான். மூன்று பேரும் ஒன்றாக வெந்துகொண்டிருக்கிறோம்.

அலறிக்கொண்டு இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன், பனியில் வைத்து ஆற்றலாம் என்று. உடம்பில் ஒரு நூல் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் மகளிர் சங்கத்துப் பெண்கள் ஆறு பேர் ஹில்க்கா வீட்டுக் காப்பி முடிந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் திரும்பினார்கள். எல்லாரும் பிறந்ததிலிருந்து சௌனாவிலேயே வளர்ந்தவர்கள், என்னைப் பார்த்து எவளும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"ரெய்னோ, கையில என்ன தட்டு?"

"சைமியோட பூவு" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு தட்டையும் பனியில் வைத்து, மண்டியிட்டு ஊதி ஊதி ஆற்றினேன். அப்போதுதான் அவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் நான் மனம் தளரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மூன்றாவது பாக்கெட் வாங்கினால் போயிற்று, கோடை முடிவதற்குள் பூத்துவிடாதா என்றுதான் நினைத்தேன். நேற்று கடைக்குக் கிளம்பும் முன், இந்த முறையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, பழைய பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தடவையாக முழுதும் படித்தேன். கடைசி வரி: விதைத்த ஆண்டில் இலை மட்டுமே, இரண்டாம் ஆண்டில் பூக்கும்.

இரண்டாம் ஆண்டு! பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஹில்க்கா வீட்டுக்கு ஓடினேன்.

"இது சைமிக்குத் தெரியுமா?"

"எது?"

"ரெண்டாம் வருஷம்தான் பூக்கும்கறது."

"நல்லா கேட்டே போ. இந்த ஊர்ல பாதி வீட்டுக்கு நாத்து போட்டுக் குடுத்ததே அவதான், அவளுக்குத் தெரியாதா?"

"அப்போ பூத்ததும் வர்றேன்னு அவ சொன்னது..."

ஹில்க்கா என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கென்னப்பா தெரியும். உக்காரு, காப்பி போடறேன்" என்றாள். ஹில்க்கா எனக்குக் காப்பி கொடுப்பது ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மச்சான், தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள். இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் ஜூலை வரை வரமாட்டேன் என்பதைத்தான் அவள் பூவை வைத்துச் சொல்லியிருக்கிறாள், நான் முட்டாள், வெண்ணெய் டப்பாவையும் களிப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நேற்றிலிருந்து எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. நாற்பத்தொரு வருஷம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இப்போது சமையலறையில் கடிகாரச் சத்தம் கேட்கிறது, இத்தனை காலம் அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்றே எனக்குத் தெரியாது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ஆகையால் நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். நான் தோட்டவேலையை இன்றோடு தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லுங்கள். டிராக்டரை விற்றுவிடுகிறேன் என்று சொல்லுங்கள், அவள் கேட்டால் விற்றும்விடுகிறேன். எனக்கு நெஞ்சுவலி என்று சொல்லிப் பாருங்கள். இல்லை, அது வேண்டாம், ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு அவள் அங்கேயே இருந்துவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முட்டி ஆறிவிட்டது என்ற உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் உறைந்த ஏரி நடுவில், பனியில் துளை போட்டு, நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்ததை நம்ம ஊர் ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். கால் மடக்க முடியாதவர் ஆறு கிலோமீட்டர் பனிச்சறுக்கிப் போய்க் குத்துக்காலிட்டு உட்காருவது மருத்துவ அதிசயம். அவள் சுடுகிற மீன் ரொட்டிக்காக ஒரு மனிதன் நொண்டுவது எனக்குப் புரிகிறது, நானாக இருந்தால் இரண்டு காலும் நொண்டுவேன். ஆனால் அந்த ரொட்டி என்னுடையது மச்சான்.

வீட்டில் பெரியவர் சிறியவர் என்று யாரும் இல்லாததால், உங்கள் பூனைக்கு என் அன்பைச் சொல்லவும். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வலியில்லாத முட்டியையும், சொந்தமாகச் சமைக்கும் புத்தியையும் அருளி, ஒவ்வொரு துளையிலும் பெரிய மீனாக அனுப்பி வைப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கருணையை எதிர்பார்த்து உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் மட்டுமே தின்று காலம் தள்ளும்
ரெய்னோ

பின்குறிப்பு: மேலே எழுதியது அனைத்தும் ரத்து. அஞ்சல்தலை ஒட்டிவிட்டதால்தான் அனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இன்று காலை, சௌனா தரையில் கிடந்த மூன்றாவது தட்டைக் கொட்டிவிடலாம் என்று எடுத்தால், முளைத்திருக்கிறது மச்சான்! எண்ணினேன், பதினொன்று. சபதமாவது ஒன்றாவது, அப்படியே தட்டோடு போய்ப் போனை எடுத்தேன்.

"சைமி, முளைச்சிருக்கு."

"என்ன முளைச்சிருக்கு?"

"பூவுதான்! பதினோரு நாத்து."

"எப்படி இருக்கு, சொல்லு."

"நீளமா ரெண்டு ரெண்டு இலை. மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா இருக்கு. அடியில கொஞ்சம் ஊதா. ரொம்ப அழகா இருக்கு சைமி."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"மாவு தூவின மாதிரியா?" என்றாள்.

"ஆமா. ஆனா ரெண்டாம் வருஷம்தான் பூக்குமாம். பாக்கெட்டுல போட்டிருக்கு."

"பாக்கெட்டைப் படிச்சியா நீ?"

"முழுசா படிச்சேன்."

சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை. "சரி, அதை ஜன்னல்ல வை. தொடாத. தண்ணி ஊத்தாத, நீ ஊத்தினா ஏரி மாதிரி ஊத்துவே. நாளைக்கு மத்தியான பஸ்ஸுல வர்றேன்" என்றாள்.

நான் குதித்த குதியில் ஹில்க்கா ஓடி வந்துவிட்டாள். பெருமையாகத் தட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தவள், அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பாதிரியார் சாப்பிட்டதில் மண் குறைந்துபோனதால் மூன்றாவது தட்டுக்கு மட்டும் உருளைக்கிழங்கு நிலவறையிலிருந்து இரண்டு கை மண் அள்ளிப் போட்டிருந்தேன், அதை உங்களுக்கு எழுத விட்டுப்போயிற்று. "அட மண்டு, இது உருளைத் தோட்டத்துக் களைடா! நாங்கள்லாம் இடுப்பொடியப் பிடுங்கி எறியறது. இலையில மாவு தூவின மாதிரின்னு சொன்னாப் போதும், இந்த ஊர்ல எந்தப் பொம்பளையும் கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவா" என்றாள்.

ஹில்க்கா போன பிறகு, பஸ் கிளம்புகிற வரை சைமியிடம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதத்தான், கடிதம் பஸ்ஸுக்கு முந்தாது என்பதுகூடத் தோன்றாமல், மறுபடி பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்ததும்தான் எனக்கே உறைத்தது. மாவு தூவின மாதிரியா என்று அவள் திரும்பக் கேட்டாளே! ஐம்பது வருஷமாக அந்தக் களையைப் பிடுங்குகிறவள். அவளுக்குத் தெரியும் மச்சான். தெரிந்துதான் வருகிறாள். பதினொன்றும் ஜன்னலில் இருக்கின்றன, சொன்னபடி நான் தொடவில்லை.